பெட்ஷீட் அக்காவின் அக்கா

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரிலிருந்து லிஃப்ட் ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லாரும் அவளைப் ‘பெட்ஷீட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேன்கூட, “அக்கா, தரை ஈரமா இருக்கு, பார்த்துப் போங்க” என்பார். ஐம்பத்தாறு வயதில் இத்தனை தம்பி தங்கைகள் கிடைப்பது பாக்கியம்தான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாளென்றால், மறுநாள் காலை ஏழு மணி வரை அவளை அக்கா என்றோ தங்கச்சி என்றோ கூப்பிட ஓர் ஆள் கிடையாது.

சலவைக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. எல்லா வார்டுகளின் அழுக்கு விரிப்புகளும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து விழும். இரத்தக்கறை ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம், வாந்தியும் மற்றதும் இன்னொரு பக்கம் என்று பிரித்து, ஊறவைத்து, இயந்திரத்தில் போட்டு, உலர்த்தி, சூடான உருளைக்குள் கொடுத்துத் தேய்த்து, மடித்து, தள்ளுவண்டியில் அடுக்கி மேலே கொண்டுபோக வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. மூக்கு எப்போதோ சரணடைந்துவிட்டது. இப்போது அவளுக்கு எந்த நாற்றமும் தெரியாது, எந்த வாசனையும்கூடத் தெரியாது.

மடிக்கும்போது ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு வரி ஜெபம் பண்ணுவாள். நீளமாக ஒன்றுமில்லை. ‘ஆண்டவரே, இதுல படுக்கறவங்களுக்குத் தூக்கத்தைக் கொடும்.’ அவ்வளவுதான். குழந்தைகள் வார்டு விரிப்பு என்றால், ‘இவனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடும்.’ ஒரு நாளைக்கு இருநூறு, இருநூற்றைம்பது விரிப்பு. உதடு அசையாது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அவள் ஏதோ யோசனையில் இருப்பதுபோலத்தான் தெரியும்.

இன்னொரு வேலையும் வைத்திருந்தாள். புது விரிப்பு முரடாக இருக்கும். நூறு தடவை துவைத்து நைந்துபோனதுதான் உடம்புக்கு இதமாக இருக்கும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வைத்து, மாதக்கணக்கில் படுத்து முதுகில் புண் வந்தவர்களுக்கென்று அனுப்புவாள். ஆஸ்பத்திரிச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பொறுப்பாளர் கேட்டால், “கிழிஞ்சிருந்துச்சு சார், தைக்க எடுத்து வச்சேன்” என்று கூசாமல் பொய் சொல்வாள். பிறகு அந்தப் பொய்க்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள். மறுநாள் அதே பொய்யை மறுபடியும் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவாள். கடைசிக்கு முந்தின பெஞ்சு. யார் யாரோ எழுந்து நின்று ஆண்டவர் தங்களுக்கு என்னென்ன செய்தார் என்று சாட்சி சொல்வார்கள். அவள் ஒரு நாளும் எழுந்ததில்லை. வாயால் சாட்சி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நமக்குக் கை இருக்கிறது, போதும் என்பது அவள் எண்ணம். அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் குடும்பம் குடும்பமாகப் பேசிக்கொண்டு கலைவார்கள். அவள் உடனே கிளம்பமாட்டாள். யாரையோ எதிர்பார்த்து நிற்கிறவள் மாதிரி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பாள். தனியாகப் போகிறாளே பாவம் என்று யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது. கூட்டம் கரைந்த பிறகு தெருவோரமாக நடந்து, மாடியில் இருக்கும் தன் ஒற்றை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவளுக்கும் ஓர் அக்கா இருந்தாள். கூடப் பிறந்த அக்கா. ஏழு வயது மூத்தவள். இதே சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் எதிரும் புதிருமாக நின்று அவளோடு விரிப்பு மடித்தவள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக ஓர் இழுப்பு இழுத்து, நடந்து வந்து, கையோடு கை சேர்த்து முனையைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு நாளைக்கு இருநூறு தடவை கையைத் தொட்டுக்கொண்ட இரண்டு பேர், கடைசி நாலு வருஷம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சண்டைக்குக் காரணம் தண்ணீர். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதுதான் உண்மை. குழந்தையாக இருக்கும்போது தலையில் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் ஞானஸ்நானம் போதும் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் உடம்பு முழுக்க மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம் என்பது மறு கட்சி. அந்தக் குடும்பமே தெளிப்புக் குடும்பம். புருஷன் போன பிறகு அக்கா ஒரு முழுக்குச் சபைக்குப் போக ஆரம்பித்தாள், மூழ்கி எழுந்தாள், ஆளே மாறிப்போனாள். அதுவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தங்கை கேலி செய்வாள், அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்வாள், விரிப்பு மடிந்துகொண்டிருக்கும்.

பிறகு அம்மா போனாள். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, எட்டு முழ விரிப்பின் அந்தப் பக்க முனையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்: “அம்மா முழுக்கு எடுக்காமலேயே போயிட்டாங்க. இனிமே நீ எவ்வளவு ஜெபம் பண்ணினாலும் பிரயோஜனம் இல்ல. அவங்க எங்க போயிருப்பாங்கன்னு உனக்கே தெரியும்.”

தங்கை கையிலிருந்த முனைகளை அப்படியே விட்டாள். துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது. அம்மாவுக்குக் கடைசி எட்டு மாதம் மலம் அள்ளி, வாயில் கஞ்சி ஊட்டி, ராத்திரியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. விரிப்பை எடுத்து மறுபடியும் துவைக்கப் போட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அக்கா மகனோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள்.

வேலை மட்டும் நிற்கவில்லை. இழுப்பு, நடை, முனை கொடுத்தல் எல்லாம் கனகச்சிதமாக நடந்தது. “பேசாம வேலை செய்யறதுன்னா என்னன்னு இந்த ரெண்டு பேரையும் பார்த்துக் கத்துக்கங்க” என்று பொறுப்பாளர் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டுவார். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் ஆண்டவர் வழியாகத்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் அக்கா கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிப்பாள்: “ஆண்டவரே, பிடிவாதக்காரங்க இருதயத்தை உடைச்சுப் போடும்.” அவள் ஆமென் சொன்ன கையோடு தங்கை ஆரம்பிப்பாள்: “ஆண்டவரே, உம்ம வேலையைத் தாங்களே பார்க்கறவங்களுக்குப் புத்தியைக் கொடும்.” சாப்பாடு ஆறிப்போகும். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு தொட்டியில் முக்கி எடுத்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதியால் ஒரு கண் போனது. வேலையை விட்டாள். போகிற அன்றைக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. இவள் சுவரில் இரண்டு கொக்கி அடித்து, விரிப்பின் இரண்டு முனைகளை அதில் மாட்டி, ஒண்டியாக மடிக்கப் பழகிக்கொண்டாள். கொக்கி இழுத்துக் கொடுக்காது, நடந்து வராது, சண்டையும் போடாது. அது ஆகிவிட்டது ஏழு வருஷம். பேச்சு நின்று பதினொன்று.

ஒரு திங்கட்கிழமை காலை, கண் வார்டுக்கு விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கடைசிக் கட்டிலில் ஒருத்தி குப்புறப் படுத்திருந்தாள். கண்ணுக்குள் விழித்திரை பிரிந்துபோனால் அறுவை செய்துவிட்டு இப்படித்தான் போடுவார்கள். முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு நிமிரக்கூடாது. முகம் வைக்க நடுவில் குழிவிட்ட தலையணை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இடது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரே படுக்கையில் தலைமாடு கால்மாடாகப் படுக்கும்போது அவள் முகத்துக்கு நேரே இருந்த விரல் அது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“அக்கா, என்ன நின்னுட்டீங்க?” என்றாள் வார்டு ஆயா.

“இவங்களுக்கு யாரும் கூட இல்லையா?”

“மகன் வெளியூர்ல. ஆபரேஷன் அன்னிக்கு வந்துட்டுப் போயிட்டாரு. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறாராம். இங்க வீட்டைக்கூடக் காலி பண்ணியாச்சாம், இனிமே அங்கதானாம். இருந்த ஒரு கண்ணும் இது. பார்வை வருமா வராதான்னு இன்னும் சொல்லல. பாவம், படுத்தே கெடக்குறாங்க.”

சனிக்கிழமை. விரலை மடக்கி எண்ண வேண்டிய அவசியமே இல்லை, அஞ்சு நாள். அதற்குள் போய் நின்று ஏதாவது சொல்லவேண்டும், அல்லது சொல்லாமல் விட்டுவிட வேண்டும். விட்டால் பிறகு இல்லை. இவளுக்கு அறுபது நெருங்குகிறது, அவளுக்கு அறுபது தாண்டியாயிற்று.

கீழே வந்து மத்தியானம் வரைக்கும் மடித்தாள். ஜெபம் ஓடவில்லை. முதல் முறையாக நூறு விரிப்புகள் ஜெபமில்லாமல் மேலே போயின. மறுநாள் காலை ஆயாவிடம் போய், “அந்தக் கடைசிக் கட்டிலுக்கு நானே விரிப்பு மாத்திக்கிறேன்” என்றாள். குப்புறப் படுத்தவர்களை நகர்த்தி விரிப்பு மாற்றுவது இடுப்பை ஒடிக்கிற வேலை. ஆயா காரணம் எதுவும் கேட்காமல் சம்மதித்தாள்.

நைந்தவற்றைப் போட்டு வைக்கும் பெட்டியின் அடியில் இருந்த மிக நைந்த விரிப்பை எடுத்துக்கொண்டு போனாள். கட்டில் பக்கத்தில் நின்றாள். அக்காவின் பிடரி மெலிந்திருந்தது. முடி பாதிக்குமேல் கொட்டிப்போய் வகிடு அகன்றிருந்தது. பேசித்தான் ஆகவேண்டும், பேசாமல் ஆளை நகர்த்த முடியாது. வாயைத் திறந்தாள்.

“அக்கா, கொஞ்சம் நகருங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினொரு வருஷமாக நாக்கில் ஏறாத வார்த்தை ஏறிவிட்டது. ஆனால் எப்படி ஏறியது? ஆஸ்பத்திரியில் எந்த ஆயா எந்த நோயாளியிடம் சொன்னாலும் இப்படித்தான் சொல்வாள். கூடப் பிறந்தவளும் அக்கா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளும் அக்கா. நம் மொழியில் அந்த ஒரு வார்த்தையை வைத்து யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிட முடியாது. அதற்குப் பின்னால் வருகிற வார்த்தையில்தான் விஷயம். தங்கை அக்காவிடம் ‘நகரு’ என்பாள். வெளியாள்தான் ‘நகருங்க’ என்பாள். மரியாதைக்காகச் சேர்க்கிற அந்த ‘ங்க’ அன்றைக்கு இருவருக்கும் நடுவில் ஒரு சுவராக நின்றது. அதை எழுப்பியவள் அவள்தான்.

அக்கா நகர்ந்தாள். “யாரும்மா, புது ஆயாவா? குரலு ஆம்பளைக் குரலு மாதிரி இருக்கே” என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

“ஆமாங்க.”

குரல் அப்படித்தான் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கழுத்தில் கட்டி எடுத்தபோது குரல் நரம்பில் பட்டுவிட்டது. சபையில் பாட்டுப் பாடுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டாள். அக்காவுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அக்காவுக்குத் தெரிந்த தங்கையின் குரல் மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். அது இப்போது இந்த உலகத்தில் இல்லை.

புதன்கிழமை அக்கா உற்சாகமாக இருந்தாள். விரிப்பைச் சுருட்டி அவள் முதுகுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, தரையைப் பார்த்தபடியே சுவிசேஷம் சொல்ல ஆரம்பித்தாள். “ஏம்மா, நீ இரட்சிக்கப்பட்டிருக்கியா?”

“சபைக்குப் போறேங்க.”

“போறது வேற. முழுக்கு எடுத்திருக்கியான்னு கேக்கறேன்.”

இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கண் இல்லை, நிமிர முடியாது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது. இந்த நிலையிலும் விடுகிறாளா பார்! விரிப்பின் முனையை மெத்தைக்கு அடியில் செருகிய வேகத்தில் கட்டில் ஒரு ஆட்டம் ஆடியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். லிஃப்டில் இறங்கும்போது, போய்த் தொலையட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். லிஃப்ட் ஓட்டுகிறவர், “யாருக்கா?” என்றார். “யாருமில்லப்பா.”

ஆனாலும் வியாழக்கிழமை போனாள். கை விரிப்பை எடுத்துவிட்டது, கால் லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டது. செய்கிற பழக்கம் அப்படி, மனசைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

“நேத்து நான் கேட்டது உனக்குப் பிடிக்கலல்ல?” என்றாள் அக்கா.

“அப்படியெல்லாம் இல்லீங்க.”

“கட்டில் ஆடிச்சே.” அக்கா சிரித்தாள். தலையணைக்குள் அந்தச் சிரிப்பு அமுங்கிப்போனது. “நீ தெளிப்புதானே?”

“ஆமாங்க.”

“எங்கம்மாவும் தெளிப்புதான்.”

இவள் கை நின்றது.

“முன்னாடியெல்லாம் எங்கம்மா எங்க போயிருப்பாங்கன்னு அடிச்சுச் சொல்வேன். இப்ப யாரு கேட்டாலும் சொல்றதில்ல. இப்படிக் குப்புறக் கெடந்தா யோசிக்கத்தான் நேரம் இருக்கு. அது நம்ம வேலை இல்லம்மா. அவரு வேலை.”

“நல்லதுங்க.”

“எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிட்டேன். சொல்ல வேண்டிய ஒருத்திகிட்ட மட்டும் சொல்லல. தங்கச்சி ஒருத்தி இருக்கா. இந்த ஆஸ்பத்திரியிலதான், கீழதான் வேலை. நான் வந்திருக்கறது அவளுக்குத் தெரியாது.”

“சொல்லி அனுப்பட்டுமாங்க?”

கேட்டுவிட்டுப் பழைய விரிப்பைச் சுருட்டினாள்.

“வேண்டாம்மா. தெரிஞ்சாலும் வரமாட்டா. பயங்கரப் பிடிவாதக்காரி. யார் யாருக்கோ பார்த்துப் பார்த்துச் செய்வா. ஊருக்கே செய்வா. எனக்குன்னா அவ கால் நகராது.”

வந்து நிற்கிறேனே என்று சொல்ல வாய் துடித்தது. யார் வந்து நிற்பது? ஆயா வந்து நிற்கிறாள். பெட்ஷீட் அக்கா வந்து நிற்கிறாள். தங்கை இன்னும் வரவே இல்லை. அக்கா சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இருபத்தாறு வருஷம் அவள் கைகள் எத்தனையோ பேருக்கு எவ்வளவோ செய்தன. செய்கிற கையை முன்னால் நீட்டிவிட்டு ஆள் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பதையும் அவள் அதே இருபத்தாறு வருஷத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். விரிப்பில் படுக்கிறவர்களுக்காக ஜெபிப்பது சுலபம், அவர்கள் யாரென்று தெரியாது. முகம் தெரிந்த ஒருத்திக்கு முன்னால் முகத்தைக் காட்டுவதுதான் உயிர் போகிற வேலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை. நைந்த விரிப்பை ஆயாவிடம் கொடுத்து, “எனக்கு இடுப்பு வலி, இன்னிக்கு நீயே மாத்திடு” என்றாள். இந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம் அறைக்குப் போய் விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். குழாயடியில் பாத்திரச் சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட இந்தக் கதவை வெளியிலிருந்து யாரும் தட்டியதில்லை என்பது அன்றைக்கு அவளுக்குப் புதிதாகத் தெரிந்ததுபோல் இருந்தது. தனக்குத் தனிமை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பழகவே இல்லை. வாயை மூடிக்கொண்டு பொறுத்திருந்தாள், அவ்வளவுதான்.

நாளைக்குப் பத்து மணிக்கு மகன் வருவான். அவன் இவளைப் பார்த்தால் ‘சித்தி’ என்று கூப்பிட்டுவிடுவான். அப்போது அக்காவுக்குத் தெரிந்துவிடும். சொல்லவேண்டிய சிரமம் இல்லாமல் அவன் வாயாலேயே காரியம் முடிந்துவிடும். சும்மா போய் நின்றால் போதும். ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு அவளுக்கே அசிங்கமாக இருந்தது. இத்தனை நாள் கைக்குப் பின்னால் ஒளிந்தாயிற்று, இனி அவன் வாய்க்குப் பின்னால் வேறு ஒளிய வேண்டுமா? ‘ஆண்டவரே, எனக்கு ஒரு வார்த்தை வேணும்’ என்றாள். தனக்காக அவள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேலே போனாள். அக்காவின் பை கட்டில் காலடியில் தயாராக இருந்தது. போகிற நாளில் விரிப்பு மாற்றத் தேவையில்லை. அப்படியும் ஒன்றைக் கையில் எடுத்து வந்திருந்தாள், வெறுங்கையோடு நிற்க அவளுக்கு வராது. எதிர்க் கட்டிலில் நர்ஸ் ஒருவருக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு அக்கா, “நேத்து ஏம்மா வரல?” என்றாள்.

வேலைக்காகப் போட்டிருந்த முகமூடியை இவள் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டாள். குப்புறப் படுத்திருக்கிறவளுக்கு அது தெரியப்போவதில்லை. ஆனாலும் கழற்றினாள்.

“அக்கா,” என்றாள். “கொஞ்சம் நகரு.”

அக்கா நகரவில்லை. முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டாள் போலிருக்கிறது. போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் விரிந்து, மறுபடியும் இறுகின. இவள் விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். திட்டினால் திட்டட்டும், போ என்றால் போய்விடலாம் என்று நின்றாள்.

“உன் குரலுக்கு என்னடி ஆச்சு?” என்றாள் அக்கா.

அம்மாவைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி இல்லை, பதினொரு வருஷத்தைப் பற்றி இல்லை.

“ஆபரேஷன்க்கா. கழுத்துல கட்டி. ரெண்டு வருஷமாச்சு.”

“இங்கயா?”

“இல்ல, வேற ஆஸ்பத்திரி. இங்கன்னா எல்லாரும் வந்து பார்ப்பாங்க.”

“கூட யாரு இருந்தா?”

ஆண்டவர் இருந்தார் என்று சொல்லலாம். சபையில் யாராவது கேட்டபோது அப்படித்தான் சொன்னாள், அது பொய்யும் இல்லை. ஆனால் அக்காவிடம் அதைச் சொன்னால் மறுபடியும் ஒரு ‘ங்க’ போட்டதுபோல ஆகிவிடும்.

“யாருமில்லக்கா.”

தலையணைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எதிர்க் கட்டிலிலிருந்து நர்ஸ் திரும்பி, “அம்மா, அழக்கூடாது! கண்ணு போயிடும்” என்று அதட்டினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். அடக்கியபடியே கேட்டாள்: “ஆள் இல்லாம எப்படிடி உள்ள சேர்த்தாங்க? கூட இருக்கறவங்க பேரு கேப்பாங்களே.”

“கேட்டாங்க. ஃபார்ம்ல ஆண்டவர்னு எழுதினேன். அந்த கிளார்க் அதை அடிச்சிட்டு, ஆள் பேரு எழுதுங்கம்மான்னாரு.”

“அப்புறம்?”

“உன் பேரை எழுதினேன். உறவுமுறைன்னு கேட்டிருந்துச்சு, அக்கான்னு போட்டேன்.” கட்டைக் குரல் நடுவில் உடைந்தது, அவள் விடாமல் சொன்னாள். “அவங்க எங்கன்னு கேட்டாரு. வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன்.”

அக்கா மெதுவாக, முகத்தை நிமிர்த்தாமல், முழங்கையை ஊன்றி நகர்ந்தாள். விரிப்பு மாற்றுவதற்கு அவ்வளவு நகர வேண்டியதில்லை. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தாள். காலியான இடத்தைக் கையால் தட்டினாள்.

ஊழியர்கள் நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தது. நர்ஸ் பார்த்தாள், பிறகு பார்க்காததுபோல் அடுத்த கட்டிலுக்குப் போனாள். தங்கை உட்கார்ந்தாள். அக்கா தடவித் தடவி அவள் கழுத்தைத் தேடி, தழும்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரலால் பார்த்தாள். மகன் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.